அம்மா கொழுந்தைச் செடியில் ஒட்டிய பாட்டு

பாலக்காட்டில் நான் மீடியா ஸ்டடீஸ் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மலையாள ராக் பேண்டின் வீடியோவை எங்கள் ஆசிரியை வகுப்பில் போட்டுக் காட்டினார். சினிமாப் பாட்டு இல்லை. நாலு பையன்கள் தாங்களே எழுதி, தாங்களே அலறி, தாங்களே யூடியூபில் ஏற்றியது. தேயிலைக் காட்டுக்கு நடுவில் ஒருவன் பாடிக்கொண்டு முன்னால் நடந்து வருகிறான். அவனைத் தவிர மற்ற எல்லாம் பின்னோக்கி ஓடுகிறது. பாக்டரிப் புகை குழாய்க்குள் திரும்பிப் போகிறது, ஒரு நாய் வால் முன்னே வர ஓடுகிறது. அப்புறம் ஒரு பெண் கேமராவைப் பார்த்து ஏதோ வாயசைக்கிறாள். அவள் முதுகுக் கூடையிலிருந்து கொழுந்து எழும்பிக் கைக்கு வருகிறது. அதைக் கொண்டுபோய்ச் செடியில் ஒட்டுகிறாள்.

அந்தப் பெண் என் அம்மா.

சின்னக்கானலில் அம்மா கொழுந்தெடுக்கும் எஸ்டேட்டுக்கு ஷூட்டிங் ஆட்கள் வந்ததை அவள் ஃபோனில் சொல்லியிருந்தாள். கொழுந்து வெட்டும் கத்திரியை ஓரமாக வைக்கச் சொல்லி, கையால் கிள்ளச் சொன்னார்களாம். இப்போது யாரும் மாட்டாத மூங்கில் கூடையை அவர்களே கொண்டுவந்தார்களாம். என்ன பாட்டு, எதற்கு என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வீடியோவைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும் என்றார் ஆசிரியை. பறித்த இலை செடிக்குத் திரும்புவது, உழைப்பாளி தான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று அவர் விளக்கினார். எனக்கு அது பிடித்துத் தொலைத்தது. அதுதான் சிக்கல். பேச்சு அந்த வாயசைப்புக்கு வந்தபோது வகுப்பு கொதித்துவிட்டது. ஒருத்தி அதைப் பிரார்த்தனை என்றாள். இன்னொருவன் சாபம் என்றான். மொழி பிடுங்கப்பட்டவளின் ஓலம் என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அம்மாவின் உதட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஹாஸ்டலில் என் அறைத் தோழி கஞ்சிக்கோட்டுக்காரி. அவளிடம் மட்டும் சொன்னேன்.

"ஏம்புள்ள, எங்கம்மாதான்னு எந்திரிச்சுச் சொல்லிப்போட வேண்டீதுதானே?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வெட்கமெல்லாம் இல்லை. சொன்னால் எல்லோரும் என் பக்கம் திரும்பி, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

அந்த வாரமே வீடியோ அம்மா இருக்கும் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, நான் எடுத்த கொழுந்தத் திருப்பி ஒட்டுத மாதிரி போட்டுருக்காவ. எல்லாரும் கேலி பண்ணுதாளுவ. நான் ஏதும் தப்பாச் செஞ்சுட்டேனா? நீ இதத்தான படிக்க, கேட்டுச் சொல்லு."

ஆசிரியை சொன்னதை அப்படியே சொன்னேன். "நீ செஞ்ச வேலையை நீயே திரும்ப எடுத்துக்கிடுதன்னு அர்த்தம்மா."

"திரும்ப எடுத்தா நிறுவையில என்ன நிக்கும்?" என்றாள்.

எடை பார்த்துத்தான் அவர்களுக்குக் கூலி. கொழுந்தெடுப்பில் அம்மாவைக் குறை சொன்னவர் கிடையாது. வருஷக்கணக்கில் கத்திரி பிடித்த கைக்குக் கிள்ளுவது மறந்துபோய், அதனால்தான் படத்தைத் திருப்பி ஓட்டிவிட்டார்கள் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். கேலிக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும் போவதில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை. அந்தப் பையன்கள்மேலா? அவர்கள் செய்தது கலை என்று கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேனே!

லீவுக்கு வீட்டுக்குப் போனதும் ஃபோனில் ஒரு ஆப்பை இறக்கி, அந்த வீடியோவைப் பின்னாலிருந்து முன்னாகத் திருப்பி ஓட்டினேன். பாட்டு, அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல் கொடகொடத்தது. பாடகன் பின்பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். அம்மா மட்டும் நேராக இருந்தாள். கொழுந்து கிள்ளினாள், தோளுக்குமேல் வீசினாள். ஒன்றுகூடக் கூடைக்கு வெளியே விழவில்லை.

"நல்லாத்தான எடுத்துருக்கேன்!" என்றாள் அம்மா. "இந்தப் பயலுக்குத்தான் கிறுக்கு புடிச்சிருக்கு."

நான் சிரித்தேன். அதற்குள் திரையில் அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. இப்போது அது ஏதோ பேச்சு மாதிரி இருந்தது. படத்தை நிறுத்தினேன்.

"இங்க என்னம்மா சொன்ன?"

"போதுமான்னு கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல, அந்த மிசினையே பாத்துக்கிட்டு நின்னானுவ. அதாம்ட்டி, சரியா வரலயோன்னு எனக்கு ஒரே இதா இருந்துச்சு."

கட்டுரையில் அந்த உதட்டுக்காக மட்டும் நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் எதுவும் தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல வேண்டியவள் நானா என்று தெரியாமலே சொன்னேன்.

"போதும்மா. நல்லா இருந்துச்சு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்று அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டாள், கேமராவுக்குப் பின்னால் நின்றது நான்தான் என்பதுபோல.