பஸ் டிரைவரின் வயிறு

எங்கள் மேடத்தை ஒரு டாக்டர் என்று அவருடைய மாமியாரே கடைசிவரை ஒத்துக்கொண்டதில்லை. "ஊசி போடறதில்ல, மருந்து எழுதறதில்ல. இவ என்ன டாக்டரோ!" என்பாராம். மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் குடலையும் ஈரலையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புற்று, இது வெறும் புண் என்று பிரித்துச் சொன்னவர் மேடம். அவர் சொன்ன பிறகுதான் சர்ஜன் கத்தியைத் தொட முடியும். பாதி நாள் இது சர்ஜன்களுக்கே மறந்துபோகும். எனக்கு அதில் இன்றைக்கும் எரிச்சல்தான்.

நான் அவருடைய லேப் டெக்னீஷியன். மெழுகில் பதித்த சதையை மெல்லியதாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுப்பது என் வேலை. ஒரு நோயாளி முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் வழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முந்தின ஆளின் துணுக்கு அடுத்த ஆளின் ஸ்லைடில் ஏறிவிடும். ஒருநாள் அரட்டை மும்முரத்தில் நான் வழிக்கவில்லை.

அந்த வாரம் மேடம் விடுப்பு. ஒரு பஸ் டிரைவருக்கு இரைப்பையில் புற்று என்று உதவிப் பேராசிரியர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். இரைப்பையை முழுசாக எடுக்க நாளும் குறித்தாயிற்று. ஆபரேஷன் நாள் காலையில், யார் கையெழுத்துப் போட்ட ஸ்லைடாக இருந்தாலும் மேடம் இன்னொரு முறை பார்ப்பார். விடுப்பு முடிந்து அவர் வந்த அன்றுதான் டிரைவருக்கு ஆபரேஷன்; அன்றும் பார்த்தார்.

"இந்த ஓரத்துல இருக்கறது இரைப்பையே இல்ல, பெருங்குடல். இதுக்கு முன்னாடி என்ன சீவினீங்க?"

"பெருங்குடல் கேன்சர், மேடம்." என்றேன். "நடுவுல தண்ணிய நான் வழிக்கல."

திட்டவில்லை. டிரைவரின் சதையை மறுபடி சீவச் சொன்னார். ஆறு ஸ்லைடிலும் புற்று இல்லை, வெறும் புண்தான். அப்படியே கிளம்பி ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட்தான் வந்தாச்சே. கடைசி நேரத்துல குட்டையக் குழப்பாதீங்க மேடம்."

"ரிப்போர்ட் தப்பு. அது எங்க தப்பு. இனிமே நீங்க கத்திய எடுத்தா அது உங்க தப்பு."

விஷயம் தெரிந்து டீனே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த வாரம் உங்களுக்குத் துறைத் தலைவர் இன்டர்வியூ இருக்கு. எதையும் எழுதாதீங்க. காய்ச்சல்னு சொல்லி ஆபரேஷனைத் தள்ளி வெப்போம். எழுதியே தீருவேன்னா, தப்புப் பண்ணின டெக்னீஷியன் பேரையாவது போடுங்க" என்றார்.

"கேன்சர்னு நெனச்சு அவர் சம்சாரம் வெளியில அழுதுட்டு நிக்கறாங்க. அவங்ககிட்ட காய்ச்சல்னு சொல்லணுமா? ரிப்போர்ட்ல டெக்னீஷியன் பேரு என்னிக்குமே வந்ததில்ல சார். இப்ப மட்டும் எதுக்கு?"

நின்றபடியே கேஸ் ஷீட்டில் எழுதினார். புற்றுநோய் இல்லை, வேறொருவரின் திசு கலந்துவிட்டது, பொறுப்பு என்னுடையது. கீழே கையெழுத்து.

துறைத் தலைவர் நாற்காலி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அதில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவர் பாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்து ஈரல் பார்த்தே ரிடையர் ஆனார்.

அன்றைக்கு டிரைவரிடம் மேடமே போய் எல்லாவற்றையும் சொன்னார், தப்பு எங்களுடையது என்பது உட்பட. மனிதர் கத்தப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நேத்திலிருந்து பட்டினி போட்டிருக்காங்கம்மா. இப்ப சாப்பிடலாமா?"

"முதல்ல சாப்பிடுங்க," என்றார் மேடம். "அப்புறம் வந்து எங்களத் திட்டுங்க. இங்கதான் இருப்போம்."