அக்காவுக்குக் கிடைக்காத ஊசி

இந்த மலருக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, மாதிரிக்காக என்று பழைய நினைவு மலர்கள் சிலவற்றை என்னிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். அவற்றில் காலமான அத்தனை பேரும் அதிர்ந்து பேசாதவர்கள், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள். என் அக்கா அதிர்ந்துதான் பேசுவார். அவர் அடுக்களையில் பேசினால் இரண்டு வீடு தள்ளிப் பதில் வரும். எறும்பைக் கண்டால் பொடி தூவாமல் ஓயமாட்டார். ஆகவே இந்தக் கட்டுரை மாதிரிக்குப் பொருந்தாது. அக்காவின் முதலாண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்காவின் இருதய நோய் 'வம்சத்து வியாதி' என்று நம் உறவில் ஒரு பேச்சு பல காலமாக உலவுகிறது. அடக்கத்தன்றுகூட, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அதை இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அரசு அலுவலகத்தில் மருத்துவச் செலவுக் கோப்புகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவன். வாய்மொழியாக வந்த புகாருக்கும் எழுத்தில் பதில் தருவது என் பழக்கம்.

அக்கா பிறந்தது ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய். அப்பா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் தினக்கூலி. காலையில் கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே கூப்பிட்டால் அன்றைக்கு வேலை, கூப்பிடாவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவார். அம்மா காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எறா உரிக்கப் போவார். அம்மா போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. வீட்டுப் பொருள்களில் நானும் ஒன்று. நான் அவரைவிட எட்டு வயது இளையவன்.

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அக்காவுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. அந்த வரிசையில் ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வரும், அவ்வளவு நெருக்கம். காய்ச்சல் விட்டுச் சில வாரத்தில் அக்காவுக்கு ஒரு முட்டி வீங்கியது. அது வடிந்ததும் மறு முட்டி, பிறகு மணிக்கட்டு. வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி என்றார்கள். அம்மா விளக்கெண்ணெய் தேய்த்தார். டாக்டரிடம் கூட்டிப்போக அப்பா ஒரு நாள் கூலியை விட வேண்டும். விட்டால் மறுநாள் கேட்டில் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். வீக்கம் தானாகவே போனது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சரியாகவில்லை. தொண்டையில் தொடங்கும் அந்தக் காய்ச்சலுக்கு இருதயத்தின் வால்வுகளைத் தழும்பாக்கும் குணம் உண்டு. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு இருந்த இடத்திலேயே இருந்து, மெல்ல மெல்ல இறுகும். வெளியே தெரிவதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்.

நான் பள்ளியில் சேர்ந்த சமயத்தில் அப்பாவைப் பட்டறையில் பர்மனென்ட் ஆக்கினார்கள். அப்பா அதே அப்பாதான், உலையும் அதே உலைதான். ஆனால் நாங்கள் திருவொற்றியூரில் தனிக் குழாய் உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். எனக்குப் பாலும் முட்டையும் கிடைத்தன. அக்காவைவிட நான் ஒரு தலை உயரமாக வளர்ந்ததற்கு என் தகுதி எதுவும் காரணமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டறையின் டிஸ்பென்சரி எங்களுக்குத் திறந்தது. நிரந்தரத் தொழிலாளியும் அவரைச் சார்ந்தோரும் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். 'சார்ந்தோர்' என்ற சொல்லைப் பிற்காலத்தில் எத்தனையோ கோப்புகளில் படித்துக் கையெழுத்திட்டேன். உத்தரவு வருகிற நாள்வரை நாங்கள் அப்பாவைச் சார்ந்திருக்கவில்லை போலும்.

எனக்கு எட்டு வயதில் அதே தொண்டை நோவு வந்தது. அதே காய்ச்சல், அதே முட்டி வீக்கம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் என் நெஞ்சில் நெடுநேரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

"இது சாதாரண ஜுரம் இல்லப்பா. விட்டா இருதயத்துக்குப் போயிடும். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடணும். பையனுக்கு மீசை முளைச்சு, நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"எவ்ளோ துட்டு ஆவும் சார்?"

"நீ பர்மனென்ட்தானே? ஒண்ணும் ஆகாது."

அப்பாவுக்கு ஷிப்டு இருந்ததால் ஒவ்வொரு முறையும் என்னை ஊசிக்குக் கூட்டிப்போனவர் அக்கா. இடுப்பில் போடுகிற ஊசி, போட்ட பிறகு ஒரு நாள் நொண்டவைக்கும். வாசலிலேயே நான் அழத் தொடங்குவேன்.

"அழுவாத நைனா. குத்தசொல்லோ செவுத்துல கீற காலண்டரப் பாரு."

"பாத்தாலும் வலிக்குதுக்கா."

"வலிக்கத்தான் செய்யும். அது இன்னா, குச்சி ஐஸா?"

எனக்கு மீசை முளைக்கும்வரை அக்கா அந்த டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவர் துணைக்கு வந்தவர். நோயாளி நான். துணைக்கு வந்தவரின் நெஞ்சை யாரும் சோதிப்பதில்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு நடைமுறை கிடையாது. அவரும் இருமவில்லை, நொண்டவில்லை, குறையும் சொல்லவில்லை. ஓடினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். அது சோம்பேறித்தனம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. தையல் கற்றுக்கொண்டார். ரவிக்கைகளும், கோயிலில் பீடச் சிறுவர்கள் போட்டுக்கொள்ளும் அங்கிகளும் அவர் மிசினில்தான் தைக்கப்பட்டன. என் கல்லூரிச் சட்டைகளும் அங்கிருந்தே வந்தன. ரயில்வேயில் வேலை பார்த்த அத்தானைத் தாமதமாகத்தான் மணந்தார். மறுபடியும் ராயபுரத்துக்கே வாழ வந்தார். பிள்ளைப்பேற்றின்போது மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் ஸ்டெல்லா பிழைத்துப் பிறந்தாள். அக்காவும் பிழைத்தார். அப்போதுதான் வால்வு சுருங்கிப்போயிருப்பது தெரிந்தது.

"சின்ன வயசுல முட்டி வீங்கிச்சாம்மா?" என்று அந்த லேடி டாக்டர் கேட்டார்.

பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அம்மா. "வீங்கிச்சும்மா. எண்ண தேச்சேன். சரியாப் போச்சு."

டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். அந்த வீக்கத்தில் தொடங்கியதுதான் இது என்று அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காதான் ஒரு நாள் தட்டை அவர் முன்னால் நகர்த்தினார்.

"நீ இன்னா பண்ணுவ? வூட்ல எண்ண இருந்துச்சு, தேச்ச. ஊசி இருந்தா ஊசி போட்டிருப்ப. துன்னு."

சில ஆண்டுகளில் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அமைதியான அறையில் அவர் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்கும். தெருப் பிள்ளைகள் கேட்டால், "வாட்ச்ச முழுங்கிட்டேன்டா, யாராண்டயும் சொல்லாத" என்பார். அந்த நெஞ்சோடுதான் மிசின் மிதித்தார், ஸ்டெல்லாவைப் படிக்கவைத்தார்.

ஸ்டெல்லாவுக்கு எம்.கே.பி. நகரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ஜெரால்டு எண்ணூரில் ஓர் ஆலையில் ஃபிட்டர். நிச்சயம் முடிந்தது. நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்றே, கோயில் வாசலில் நம் உறவினர் ஒருவர், பங்குத்தந்தையைச் சிரமப்படுத்த விரும்பாமல், நேராக மாப்பிள்ளையின் தாயாரிடமே தெரிவித்துவிட்டார். 'அந்தம்மா நெஞ்சுல மிசினு ஓடுது. வம்சத்து வியாதி. பொண்ணுக்கும் வரும், புள்ளைக்கும் வரும்.' திருச்சபைச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடை எவையெவை என்று நான் படித்துப் பார்த்தேன். தாயாரின் வால்வு அதில் இல்லை. ஆனால் மனிதர்கள் சட்டம் பார்த்துப் பயப்படுவதில்லை.

இரண்டாம் ஓலைக்கு முன்பே ஜெரால்டின் தாயார் ராயபுரத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர், ஒரே மகன். சண்டைக்கு வரவில்லை, முகத்தில் தூக்கமில்லை. ஸ்டெல்லா உள்ளறையில் கதவோரம் நின்றாள். அந்தக் கல்யாணம் நின்றால் காரணம் தன் அம்மாவின் நெஞ்சு என்பது அவளுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"மனசுல வச்சிகினு பொண்ண எடுக்கக் கூடாது சம்பந்தி. கேட்டுடறேன். இது உங்க ரத்தத்துலயே வர்ற நோவா?"

நான் மருத்துவ அறிக்கைகளை உறையிலிருந்து எடுத்து, முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.

"நீ சும்மாரு நைனா. கவர்மென்ட்டு ஜி.ஓ. படிக்கறா மாதிரி படிக்கற" என்றார் அக்கா. பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"ரத்தம்னு சொல்றீங்களே, இவன் என் கூடப் பொறந்தவன். ஒரே அப்பன், ஒரே ஆத்தா. எனக்கு வந்த அதே ஜொரம் இவனுக்கும் வந்துச்சு, முட்டி வீங்குச்சு. இப்ப பாருங்க, குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறான். ரத்தத்துல இருந்தா இவனுக்கும் இல்ல மிசினு வச்சிருக்கணும்?"

"அப்ப இவருக்கு ஏன் வரல?"

"ஊசி போட்டாங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு ஜொரம் வர்சொல்லோ எங்கப்பா தினக்கூலி. இவனுக்கு வர்சொல்லோ பர்மனென்டு. அவ்ளோதான் எனக்கும் இவனுக்கும் வித்தியாசம்."

அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது குறைவு.

"நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. மாப்ள அங்க பர்மனென்டா, காண்ட்ராக்ட்டா?"

"காண்ட்ராக்ட்டுதான். ஆறு வருசமா ஆக்கறேன் ஆக்கறேன்றாங்க."

"அப்ப நான் இல்ல சம்பந்தி பயப்படணும்?"

ஜெரால்டின் தாயார் முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. ஜெரால்டுக்குச் சின்ன வயதில் காது வலி வந்து, கவனிக்க வசதியில்லாமல் விட்டு, இன்றும் ஒரு காது மந்தம் என்றார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்களிடமும் மறைத்துத்தான் நிச்சயம் செய்திருந்தார்.

"விடுங்க. அதுவும் இதே கததான்" என்றார் அக்கா. "எனக்கு ஒரு வாக்கு மட்டும் குடுங்க. நாளைக்கு இதுங்களுக்கு ஒரு புள்ள பொறந்து, தொண்ட நோவுது, காது நோவுதுன்னு சொன்னா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுடக் கூடாது. எண்ண தேச்சிகினு இருக்கக் கூடாது. அன்னிக்கே டாக்டராண்ட போவணும்."

"சத்தியமா சம்பந்தி."

இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் குறையில்லாமல் வாசிக்கப்பட்டன. கல்யாணம் நடந்தது. என் பங்குக்கு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் உரிய மருத்துவக் காப்பீட்டை ஒப்பந்ததாரரிடமிருந்து பெறுவதற்கு எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று ஜெரால்டுக்குக் காட்டினேன். ஓய்வு பெற்றவன் செய்யக்கூடிய சேவை அது.

அக்கா பேரனைக் கண்டார், வளர்த்தார். கடைசி மாதங்களில் இருதயம் களைத்துப்போய், படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, அப்போதும் அடுக்களையில் இருந்தவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலை நேரத்தில், அத்தான் கஞ்சியோடு வருவதற்குள், அமைதியானார். 'நல்ல மரணம்' என்று சிலர் சொன்னார்கள். நல்ல மரணம்தான். ஆனால் அதே வயிற்றில் பிறந்த நான் படியேறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் இன்னும் பல ஆண்டுகள் வரவேண்டியிருந்தன. மனிதருக்கு மனிதர் உடம்பின் வாகு கொஞ்சம் மாறலாம் என்கிறார்கள் டாக்டர்கள். இருக்கட்டும். அந்த வாகு எனக்கும்தான் இருந்தது. பெற்றோரிடமிருந்து நாங்கள் வாங்கிக்கொண்டது ரத்தத்தை மட்டுமல்ல. அப்பாவின் வேலை எங்கள் இருவர் நெஞ்சிலும் இரண்டு விதமாகப் பதிந்தது.

அக்கா காலமான பிறகு, போன மழையில், எம்.கே.பி. நகர் முழுக்கத் தண்ணீர். ஸ்டெல்லாவும் ஜெரால்டும் வேலைக்குப் போயிருந்தபோது பேரனுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. ஜெரால்டின் தாயார் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் டாக்டரிடம் போயிருக்கிறார். எனக்குத் தெரிந்தது பிறகு, போனில்.

"ரெண்டே நாள்ல ஜொரம் வுட்டுடுச்சு சம்பந்தி. பந்தாடப் போய்ட்டான். ஜெரால்டு இன்னான்னா, போதும்மா, மாத்திர சூடுன்றான். நான் நிறுத்துவனா? டாக்டரு குடுத்த கடைசி மாத்திர வரைக்கும் குடுத்துட்டுதான் வுட்டேன். உங்க அக்காவாண்ட வாக்கு குடுத்துகீறேன் இல்ல."

அக்காவுக்குத் துணை நின்றவர்களுக்கு எங்கள் நன்றி. ஒரு நாளும் முகம் சுளிக்காமல் அவரைத் தாங்கிய அத்தானுக்கு. ரத்தப் பரிசோதனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போன தெருப் பிள்ளைகளுக்கு. கடைசிவரை பார்த்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு. திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கு. கோயில் வாசலில் முதல் ஓலையன்று பேசிய உறவினருக்கும் நன்றி, அவரால்தான் ஒரு நல்ல வாக்குறுதி எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது. ஜெரால்டின் தாயாருக்கு நன்றி சொல்லப் போனேன். "என் பேரனப் பாத்ததுக்கு நீங்க இன்னாத்துக்கு நன்றி சொல்றீங்க?" என்று கோபித்துக்கொண்டார்.

ஆகவே அவர் பெயரை நன்றியில் சேர்க்கவில்லை. கீழே, இங்ஙனம் குடும்பத்தார் என்ற வரிசையில், என் பெயருக்கு மேலே போட்டிருக்கிறேன். புரூஃப் பார்த்த ஸ்டெல்லா, "மாமா, சம்பந்திங்க பேரு இந்த வரிசையில வராதே" என்றாள். வழக்கம் எனக்கும் தெரியும். அப்படியே இருக்கட்டும் என்றேன்.