இடமிருந்தா இறக்கறேன்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையோரம் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அங்கே குடோனைப் பார்த்துக்கொள்பவள் பாப்பாத்தி. வெதுருகுப்பம் பக்கத்தில் கையகல நிலம்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்தவள். சீசனுக்கு மாங்காய் வெட்டும் கூலியாக வந்தாள். பத்தாவது படித்திருந்ததால் குடோனுக்கு மாற்றினார்கள். அவளோடு சேர்ந்து வந்தவள் பொன்னியம்மா. ஒரே ஊர், ஒரே பஸ், மத்தியானத்தில் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை.

அப்போதெல்லாம் லாரி வந்தால் எங்கே காலியாகத் தெரிகிறதோ அங்கே சரக்கை இறக்குவார்கள். சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் சிட்ரிக் ஆசிட் பை, அதையும் மறைத்துக்கொண்டு இரும்பு டிரம். ஆசிட் உள்ளே கிடப்பது தெரியாமல் மறுபடி வாங்குவார்கள். பழையது மழை ஈரத்தில் கல்லாக இறுகிப் போயிருக்கும். கொள்முதல் பார்க்கும் பிரபாகர் திருப்பதி ஆபீசில் இருந்தார். விலை இறங்கினால் வாங்கிப் போடுவார். எங்கே வைப்பது என்பது அவர் கவலை இல்லை.

அப்படி விலை இறங்கிய ஒரு ஜூன் மாதம் சர்க்கரை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சுவரோரம் நிறைந்ததும் நடைபாதையிலேயே அடுக்கினார்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு. பாப்பாத்தியும் கூட நின்று அடுக்கச் சொன்னவள்தான். மறுநாள் அந்த வழியாக அட்டைப்பெட்டி எடுக்கப் போன பொன்னியம்மாவின் மேல் அடுக்கு சரிந்தது. மூட்டைகளை இழுத்துப் போட்டு அவளை வெளியே எடுத்தபோது மூச்சு இருந்தது. சித்தூர் ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது இல்லை.

சாவு வீட்டில் பொன்னியம்மாவின் புருஷன், மாங்காய் டிராக்டர் ஓட்டும் ரங்கையா, பாப்பாத்தியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவான். அவளும் அதைத் தனக்கு உரியது என்றே வாங்கிக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜரிடம் அவள் கேட்டது மஞ்சள் பெயிண்ட் மட்டும்தான். நடைபாதையின் இரண்டு பக்கமும் தரையில் கோடு இழுத்தாள். கோட்டைத் தாண்டி ஒரு மூட்டை வரக்கூடாது. கனமானது கீழே. அடிக்கடி எடுப்பது வாசலருகே. புதிதாக வந்த சரக்கு பழையதற்குப் பின்னால். ஈரம் ஆகாதது மரப்பலகை மேல். காலையில் பிரபாகருக்குப் போன் போட்டு, எது தீரப்போகிறது, எது தேங்கிக் கிடக்கிறது, எவ்வளவு சரக்குக்கு இடம் இருக்கிறது என்று சொல்வாள். முதலில் எரிந்து விழுந்தவர் போகப்போகக் கேட்க ஆரம்பித்தார். கல்லான ஆசிட்டைக் கொட்டுவது நின்றது. ஆனால் விலை இறங்கும் நாட்களில் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

போன வருஷம் சீசன் உச்சத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சர்க்கரை லாரி வந்து கேட்டில் நின்றது. உள்ளே இடமில்லை. அதன் பின்னால் மாங்காய் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நின்றன. பாப்பாத்தி பிரபாகருக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நடைல போட்டு வெய்யி. ரெண்டு நாளு, தீந்துபோவும்."

"நடைல போட மாட்டேன் சார். இடமிருந்தா இறக்கறேன்."

"ஓனர்க்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் இறக்கலன்னு சொல்லுங்க சார்."

"வேல போயிடும், தெரியுமா?"

"போவட்டும்."

போனை வைத்தாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. டிராக்டர்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திட்டினார்கள், தமிழிலும் தெலுங்கிலும். லாரி பின்வாங்கினால்தான் கேட் திறக்கும். லாரி பின்வாங்க டிராக்டர்கள் ஒதுங்க வேண்டும். பிடித்த இடத்தை விட யாருக்கும் மனசில்லை. அப்போது லாரிக்கு அடுத்ததாக நின்ற டிராக்டர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஓரமாகப் போனது. ஓட்டியவன் ரங்கையா. அதைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். லாரி வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றது.

சாயங்காலம் பிரபாகரே காரில் வந்தார். கோபத்தோடுதான் உள்ளே நுழைந்தார். நடைபாதையின் பாதி தூரம் போனவர் நின்றுவிட்டார். எந்த இடம் என்று அவருக்கும் தெரியும். பொன்னியம்மா மேல் சரிந்த லோடும் அவர் ஆர்டர் போட்டதுதான். பிறகு ரேணிகுண்டா பக்கம் வாடகை குடோன் ஒன்றுக்குப் போன் செய்து லாரியை அங்கே அனுப்பினார்.

"இனிமே உன்ன கேட்டுட்டுதான் ஆர்டர் போடுவேன், அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சொன்னபடியே செய்தார். லாரிகள் ஒன்றிரண்டாக, இடம் பார்த்து வர ஆரம்பித்தன.

இரண்டு நாள் கழித்து ரங்கையா குடோன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"ஞாயித்துக்கெழம பொன்னிக்குத் தெவசம். வா."

"வர்றேண்ணா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். போட்டோவுக்கு முன்னால் கும்பிட்டு நின்றவளைப் பந்தியில் உட்காரச் சொல்லி, ரங்கையாவே இலையில் சோறு போட்டான். அவள் கை வைக்காமல் குனிந்தே இருந்தாள்.

"துன்னு பாப்பாத்தி," என்றான் அவன். "ஆறிப்போவுது."