முந்நூறு வயது இலையான்

போன மாதம் நான் ஒரு இலையானைக் கொன்றேன். இந்தியத் தமிழர்கள் ஈ என்பார்களே, அதேதான். அதற்கு வயது முந்நூறு!

நடந்தது கிளென் வேவர்லியில், ரெஜினா அக்கா வீட்டில். அக்கா பல் டொக்டர். பழைய பீங்கான் என்றால் உயிர். ஏலத்தில் எடுத்த ஜேர்மன் கோப்பிக் கோப்பை ஒன்றை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்ததாம். விளிம்பில் தங்கப் பூச்சு. அதன் கீழே குடை பிடித்த ஒரு சீனக்காரர். வரைந்தவர் சீனாவைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார் — குடை நம் கோயில் திருவிழாக் குடை மாதிரி இருந்தது.

"எழுதுற ஆள் வந்திருக்கிறீர்... இண்டைக்கு உமக்கு இதிலதான் கோப்பி" என்றார் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குடித்து முடித்தேன். எச்சில் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழும்ப நம் ஆட்களுக்கு மனம் கேட்குமா?

"வையும் தம்பி, நான் பிறகு கழுவுறன்."

"ஓம் அக்கா" என்றேன். சொல்லிவிட்டு நேரே குசினிக்குப் போய்க் கழுவுவதுதானே மரியாதை? மரியாதை என்று நாம் செய்கிற பாதி வேலை, வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்ன வேலைதான்.

கைபிடிக்குப் பக்கத்தில் ஒரு இலையான். ஊதினேன்... போகவில்லை. செத்து ஒட்டிக் கிடக்கிறது! இதிலா நான் கோப்பி குடித்தேன்? பாத்திரம் தேய்க்கும் கம்பியை எடுத்துத் தேய்த்தேன். ஒரு இறக்கை போனது. உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் அழுத்தினேன். ஆறு கால்களில் இரண்டு போயின.

"ஐயோ! அது கீறின இலையான்!"

பின்னால் அக்கா. கீறின என்றால் வரைந்த! என் கை அப்படியே நின்றுவிட்டது.

இறக்கை இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் குழி. சூளையில் சுடும்போது இப்படி ஏதாவது பழுது வந்தால், அதை மறைக்க அந்தக் காலத்து ஓவியர்கள் மேலே ஒரு பூச்சியை வரைந்துவிடுவார்களாம். அக்காதான் சொன்னார்.

"முந்நூறு வருஷமா நிண்ட ஃபில்லிங்... பிடுங்கிப்போட்டீரே!"

வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கோப்பையைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றே நினைத்தேன்.

நல்ல மனுசி. போன ஞாயிறு மறுபடியும் கூப்பிட்டார். எல்லோருக்கும் பீங்கானில் கோப்பி — எனக்கு மட்டும் பேப்பர் கப். அதையே வாங்கிக் குடித்தேன்.

குடித்து முடித்து, அதையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.