இருபத்தாறில் நின்ற முள்

இந்த வருடம் கோப்பை யாருக்கு என்று கணிக்க, டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் அந்த அறைக்கு நாளிதழின் தயவு தேவைப்படவில்லை. சுவரில் வரிசையாக அடித்த கொக்கிகளே போதும். முதல் வரிசையில் நடப்புச் சாம்பியனின் எட்டு மட்டைகள். எட்டுக்கும் ஒரே இறுக்கம், இருபத்தாறு கிலோ. மழையோ வெயிலோ, மாற்றவே மாட்டாள். அடுத்தது இடதுகைக்காரி. வானம் லேசாகக் கறுத்தாலே ஆள் அனுப்பி ஒரு கிலோ குறைக்கச் சொல்வாள். ஈரப் புல்லில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. கடைசியாக, சுருட்டை முடியால் 'சுருட்டை' என்றே பெயராகிவிட்ட பத்தொன்பது வயதுப் பெண். மொத்தமே மூன்று மட்டை, இருபத்து மூன்று கிலோ. மூன்றையும் காலையிலேயே பயிற்சிக்கு எடுத்துப் போய்விட்டாள்.

"'தோள் ஒத்துழைத்தால் இவரும் கோப்பைக்கு உரியவரே'ன்னு போட்டிருக்கான்," என்று மேஸ்திரி நாளிதழில் சுருட்டையின் படத்தைத் தட்டினார். அறைக்குத் தலைவர் அவர்தான். "போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பொண்ணு. பட்டதாரி, உன் ஓட்டு யாருக்கு?"

"சுருட்டைக்குத்தான் சார்."

"மூணு மட்டைதான் இருக்குன்னு பாவம் பார்த்தா?"

"பாவமில்ல சார், வேலை கம்மி!"

அவர் சிரித்துக்கொண்டே அலுவலகக் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

பட்டதாரி என்பது கேலிப்பெயர்தான், ஆனால் பொய்யில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்து, அவளை இயற்பியல் படிக்கவைத்தாள். இழுவிசை பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள், இப்போது அதே இழுவிசையைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா படிச்சே?" என்று பெரியம்மா கேட்டாள். அந்தக் கேள்வியை அவளே தினமும் கேட்டுக்கொள்வாள். பிடித்திருக்கிறது என்பதுதான் அவளிடமிருந்த ஒரே பதில். அது ஒரு பதிலாகுமா என்று தெரியவில்லை. மூன்று மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மணி பத்து. இடதுகைக்காரியின் மட்டையை இயந்திரத்தில் மாட்டியபோதுதான் இறுக்கம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். இருபத்தாறில் நின்றது.

நேற்று கடைசியாகக் கட்டியவை சுருட்டையின் மூன்று மட்டைகள். முள் இருபத்து மூன்றில் அல்லவா நிற்க வேண்டும்? அதற்கு முன் சாம்பியனுக்குக் கட்டியிருந்தாள். இறக்க மறந்துபோயிருக்கிறது. அந்த மட்டைகளோடு பதினோரு மணிக்குச் சுருட்டை களமிறங்கப்போகிறாள்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் வேலை போகும், தொழிற்சாலை முழுக்கத் தம்பட்டம் அடித்துவைத்திருக்கும் அம்மாவின் மானம் போகும். ஆனால் ஆபரேஷன் ஆன அந்தத் தோள்? கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

வீராங்கனைகளின் காத்திருப்பு அறையில் சுருட்டை தோளைப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், உங்க மட்டையை நேத்து நான்தான் கட்டினேன். தப்பாக் கட்டிட்டேன். மூணு கிலோ அதிகம்."

"மூணு கிலோவா? நிஜமாவா?"

"ஆமா மேடம்."

"காலையில பயிற்சியில ஒவ்வொரு அடிக்கும் தோள் வரைக்கும் விண்ணுன்னு ஏறுதுக்கா. ஆபரேஷன் பண்ணின இடம் போச்சுன்னு நினைச்சேன். விலகிடறேன்னு அப்பாகிட்ட சொல்ல போனைக் கையிலயே வெச்சிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாவி, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா!"

பத்து நிமிடத்தில் மேஸ்திரி திரும்பியபோது, பட்டதாரி நரம்பு கோத்துக்கொண்டிருந்தாள், சுருட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"விளையாடறவங்க உள்ள வரக் கூடாதுன்னு போர்டு மாட்டினது எதுக்கு?"

பட்டதாரி நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"சார், திட்டறதா இருந்தா பதினோரு மணிக்கு மேல திட்டுங்க," என்றாள் சுருட்டை. "இப்ப இவங்க கை நடுங்கினா எனக்குத்தான் நஷ்டம்."

மேஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்தார். இன்னொரு மட்டையை எடுத்து, பழைய நரம்பை வெட்டி எறிந்தார். பட்டதாரிக்கு நன்றி சொல்ல நேரமில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள். பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மூன்றில் இரண்டு மட்டைகள் தயார்.

சுருட்டை மூன்றாவது செட்டில் தட்டுத்தடுமாறி ஜெயித்தாள். கோப்பை வெகுதூரம், ஆனால் தோள் கடைசிவரை வலிக்கவில்லை.

மதியம் மேஸ்திரி கூப்பிட்டார்.

"முப்பது வருஷத்துல நானும் ரெண்டு தடவை முள்ளை இறக்க மறந்திருக்கேன். ரெண்டு தடவையும் வாயே திறக்கல. அதுல ஒருத்தன் தோத்துட்டு, கை சரியில்லைன்னு ஆட்டத்தையே விட்டுட்டான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பேரை நிரந்தரத்துல எழுதிட்டேன். போய்ச் சாப்பிடு."

"சார்..."

"போன்னு சொன்னேன்ல."

வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் இரைச்சல்.

"வேலை நிரந்தரம் ஆயிடுச்சும்மா. எல்லாம் உன்னாலதான்."

"நான் என்னடி பண்ணேன், பொத்தான்தானே தைச்சேன்," என்ற அம்மா, போனை வைக்காமலே யாருக்கோ உரக்கக் கத்தினாள்: "என் பொண்ணுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு! என்ன வேலையா? மட்டைக்கு நரம்பு கட்டற வேலை. ஆமாடி, படிச்சுட்டுத்தான்!"