கடைசி டப்பா பிளாஸ்டர்

கடல் கடந்து தமிழர் குடியேறிய காஜா பெராங்கில் பல் கட்டும் மருதமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் கை விட்டவள் அவன் மனைவி அஞ்சலைதான். பெண்கள் அந்நிய ஆம்பளை முன்னால் வாயைத் திறக்க மாட்டார்களே! அச்சு எடுப்பது அவள், பல் கட்டுவது அவன். பேர் மட்டும் அவனுக்கு. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. நல்ல கைக்காரி, நாக்குத்தான் கொஞ்சம் நீளம்.

சண்டையில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த மறு வருஷம் சிகப்பி ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஆச்சிக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய் எட்டு மாதம். அன்றிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச்சு. இன்னும் பத்து நாளில் மகள் தெய்வானைக்குக் கல்யாணம். "ஓட்டை வாயோட நான் பந்தல்ல நிக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

கூப்பிட்டதும் போன அஞ்சலையிடம் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் மாவு ஒரே ஒரு தடவைக்குத்தான் இருந்தது. கப்பல் வந்தால்தானே சரக்கு! "ஆச்சி, இதுதான் கடைசி மாவு. இறுகுற வரைக்கும் வாய் அசையக் கூடாது. வீடே இடிஞ்சு விழுந்தாலும் சரி" என்று கறாராகச் சொன்னாள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குழைத்து, சின்னத் தட்டில் அப்பி ஆச்சியின் மேல்வாயில் அழுத்தினாள்.

ஆச்சி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாவு சூடேறி இறுகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் போயிருந்த மாமனார் விநாயகம் செட்டியார் படியேறினார். செட்டியார் வீட்டில் யார் படியேறினாலும் 'வாங்க' என்று சொல்லாமல் இருப்பதா? அதுவும் மாமனாரை! ஆச்சி சடாரென்று எழுந்து, வாய் நிறைய மாவோடு, "வாங்க" என்றார். உள்ளே மடக்கென்று ஒரு சத்தம்.

"போச்சு! எல்லாம் போச்சு! அஞ்சு நிமிஷம் அவரை யாரும் 'வாங்க'ன்னு சொல்லலைன்னா வாசல்லயே நின்னுடுவாரா ஆச்சி?" அஞ்சலை கத்தியே விட்டாள். செட்டியார் கையில் விபூதியோடு அப்படியே நின்றார். ஆச்சியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அஞ்சலைக்குப் பாவமாகிவிட்டது. "அழாதீங்க. மெதுவா வாயைத் திறங்க" என்று விரலை விட்டாள். நல்லவேளை, மாவு பெரும்பாலும் இறுகியிருந்ததால் நொறுங்கவில்லை. துண்டு துண்டாகத்தான் விண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் பரப்பினாள். ஏழு துண்டு. வீட்டுக்கு வந்து மத்தியானம் முழுக்க விளிம்போடு விளிம்பு சேர்த்து, தேன்மெழுகை உருக்கி ஒட்டினாள்.

"தூக்கிப் போடு, பொருந்தாது" என்றான் மருதமுத்து.

"பொருந்தலைன்னா அப்புறம் பேசு" என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், அந்த அச்சை வைத்து மருதமுத்து ரப்பர் தகட்டில் பதித்த இரண்டு பற்களை ஆச்சிக்கு மாட்டினாள் அஞ்சலை. தகடு அண்ணத்தில் சிக்கென்று உட்கார்ந்தது. அப்போதுதான் அஞ்சலைக்கு உயிரே வந்தது.

ஆச்சி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த கையோடு, பழக்கதோஷம், முந்தானை தானாக வாய்க்குப் போனது. தெய்வானை பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க ஆத்தா. எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் உங்க முகத்தப் பாக்குறேன்."