அம்மாவின் கன்னமும் இணைச்சீரும்

சொந்தக்காரர்கள் ஒரே வாயால் இரண்டு பொய் சொன்னார்கள். அம்மாவுக்கு வந்த வாய்ப்புற்றுநோய் ஒட்டுவாரொட்டி, பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றிக்கொள்ளும் என்றார்கள். அடுத்த மூச்சிலேயே அது ரத்தத்தில் ஊறி வருவது, பரம்பரை என்றார்கள். இரண்டில் எது என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் மட்டும் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. அம்மாவின் ஒரே தம்பிக்கு, என் தாய்மாமனுக்கு, அன்னூரில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். அது அவள் உரிமை. ஆபரேஷனில் ஒரு பக்கக் கன்னம் குழிந்துபோன அம்மா, அந்தச் சீரில் உட்கார வேண்டும் என்பதற்காகவே கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்குத் தேறி வந்தாள்.

பஞ்சாலையில் இரவு ஷிப்ட் தூக்கத்தை விரட்டப் புகையிலை அடக்கிப் பழகியவள் அவள். கன்னத்துக்குள் புண் வந்தபோது மருந்துக் கடையிலும் கிளினிக்கிலும் மாதக்கணக்கில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வாயை நன்றாகத் திற என்று சொல்லி, விரலை விட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் வகையறாவில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்போது உயிர்வேதியியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். செமினாருக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு டிஎன்ஏ மெத்திலேற்றமும் புற்றுநோயும். மரபணுவின் எழுத்துகள் மாறாமலேயே, அவற்றின் மேல் மெத்தில் என்ற சிறு வேதித்துணுக்குகள் ஒட்டிக்கொண்டு மரபணுவைப் பேச விடாமல் செய்துவிடலாம். செல் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காவல் காக்கும் மரபணுவே இப்படி வாயடைக்கப்பட்டால் கட்டி வளர வழி பிறக்கிறது. புகையிலைக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே எச்சிலிலும் ரத்தத்திலும் இந்த அடையாளங்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்றும் ஆய்வகங்களில் தேடிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது பெருமையைவிட ஆத்திரம்தான் வந்தது. எச்சிலைச் சோதிப்பது கிடக்கட்டும், எங்கள் ஊரில் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே ஆளில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவின் சித்தப்பா, மாப்பிள்ளையான மாமாவையும் கூட்டிக்கொண்டு, துடியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் அப்பா இல்லாததால் அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். காபியைத் தொடவில்லை.

“இணைச்சீருக்கு எம் புள்ள உட்காரட்டும். உனக்கு எதுக்குச் சிரமம்?” என்றார் அம்மாவிடம். “பொண்ணூட்டுக்காரங்க உன்ற மூஞ்சியப் பாத்தாங்கன்னா, இந்த வம்சத்துக்கே இருக்குதாட்ட இருக்குதுன்னு பேசிப்போடுவாங்க.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. அவர் தோட்டக்காரர், அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

“உங்க மோட்டார் ரூம்புல பீஸ் கட்டையப் புடுங்கிப்போட்டா மோட்டார் ஓடுமுங்களா? மோட்டார் நல்லாத்தானுங்க இருக்கும், கரண்ட்டுதான் போகாது. அம்மாவுக்கு உள்ளுக்குள்ள நடந்ததும் அப்படித்தானுங்க. பொகையிலையும் மில்லும் சேர்ந்து புடுங்குன கட்டை. அது பக்கத்துல உட்கார்றவங்களுக்கு ஒட்டாது. அம்மா கன்னத்துல நடந்தது பொறக்கற கொழந்தைக்கும் போவாதுங்க.”

“எந்தப் புத்துநோயும் பரம்பரையா வராதா, அம்மணி?”

“ஒரு சிலது வருமுங்க. ஆனா இது…”

“வருமாமா! படிச்ச புள்ளையே சொல்லிப்போட்டா.” மாமாவைப் பார்த்துச் சிரித்தார். “அப்பறம், பீஸ் போன ஊட்டுல யாராச்சும் கல்யாண லைட்டு போடுவாங்களா?”

நான் கொடுத்த உவமையையே எடுத்து அம்மாவின் மேல் எறிந்தார். மாமா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது, இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் அம்மாதான் அவரைத் தூங்கவைத்துவிட்டுப் போவாளாம். பெரியவர் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் எனக்குக் கோபம் பொங்கியது.

அவர்கள் போனபின் அம்மா குழறலாகக் கேட்டாள்: “புடுங்குன கட்டைய மறுக்கா மாட்ட மருந்து இருக்குதா, கண்ணு?”

“தேடிட்டு இருக்காங்கம்மா.”

“தேடட்டும். நீ எம் பட்டுச்சீலையத் தேய்ச்சு வை.”

கல்யாண மண்டபத்தில் பெரியவரின் மகள் நகையெல்லாம் போட்டுத் தயாராக நின்றாள். சடங்கு நடத்தும் அருமைக்காரர் கூறைப்புடவையை எடுத்துக்கொண்டு, “மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ வாங்க” என்று கூப்பிட்டார். மாமா நிமிரவில்லை. அம்மா எழுந்தாள். முக்காடு போடவில்லை, கன்னத்தைக் கையால் மறைக்கவில்லை. நேராக நடந்து போய் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பெண்வீட்டார் முன்னால் ரகளை செய்யப் பெரியவருக்குத் துணிவில்லை. புடவையின் முனை அம்மாவின் கைக்கு வந்தது. பெண்ணின் அம்மா தன் கைக்குட்டையால் அம்மாவின் வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் எதுவும் ஒட்டவில்லை.

பந்தியில் மாமா என் இலைக்கு முன் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்காவை உட்கார வெச்சாச்சு பாத்தியா, கண்ணு. இப்ப உனக்குத் திருப்திதானே?”

“நீங்க உட்கார வெக்கலைங்க, மாமா,” என்றேன், பக்கத்து இலைக்காரர்களுக்கும் கேட்கும்படி. “நீங்க கூப்பிடக்கூட இல்லைங்க.”